பெயர் கழன்ற ஆறு ஒயின்கள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாக்கைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. எப்போது வாய் கொப்பளிப்பது, எவ்வளவு நேரம் வாயில் வைத்திருப்பது, எங்கே துப்புவது என்பதையெல்லாம் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நான் சொல்ல வந்தது பயிற்சியில் இல்லாத ஒரு பகலைப் பற்றி. அம்பத்தூர் எஸ்டேட்டில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, ஆறு நாட்டுச் சிவப்பு ஒயின்களை வரிசையாக வைத்துக்கொண்டு எது எந்த நாட்டுச் சரக்கு என்று தெரியாமல் நாங்கள் விழித்த பகல் அது. என் வேலைக் காலத்தில் அவ்வளவு பயந்ததும் கிடையாது, அவ்வளவு சிரித்ததும் கிடையாது.

தொண்ணூறுகளின் தொடக்கம். என் கணவருக்கு ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். நான் அம்பத்தூரில் ஓர் எசென்ஸ் கம்பெனியில் சுவைக்குழுவின் தலைவி. ஐஸ்கிரீமுக்கு வெனிலா, சர்பத்துக்கு ரோஸ், பிஸ்கட்டுக்கு ஏலக்காய் என்று நாங்கள் செய்யும் எசென்ஸ்களை ருசி பார்த்து, இது தேறும், இது தேறாது என்று சொல்வது என் வேலை. குவார்ட்டர்ஸில் கேட்பவர்களிடம் "ஐஸ்கிரீம் சாப்பிடும் வேலை" என்பேன். பிள்ளைகள் எல்லாரும் பொறாமைப்படுவார்கள்.

அந்த வருடம் எங்களுடைய பெரிய வாடிக்கையாளரான ஒரு பிஸ்கட் கம்பெனி எங்களை விட்டுப் போயிருந்தது. ஒரு ஷிப்டு நின்றுவிட்டது. அடுத்து யாரை நிறுத்துவார்கள் என்று ஆளுக்கொரு பக்கம் கிசுகிசுத்துக்கொண்டிருந்தபோதுதான் பம்பாயிலிருந்து ராமநாதன் என்பவர் வந்தார். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழர். கேக் தொழிற்சாலை வைத்திருந்தார். வளைகுடா நாடுகளுக்குக் கேக் அனுப்பப் போகிறார். அங்கே மது கூடாது. ஆனால், வாயில் வைத்தால் பழைய சிவப்பு ஒயினில் ஊறியது போல இருக்கவேண்டும். அப்படி ஓர் எசென்ஸ் செய்துதர முடியுமா என்று கேட்டார்.

"எந்த ஒயின் சார்?" என்றேன்.

"அதைத்தாம்மா நீங்க சொல்லணும். ஆறு பாட்டில் அனுப்பறேன். ஆறும் ஆறு நாடு. கடையில கிடைக்கிற சரக்கு இல்ல. ஒண்ணோட ஒண்ணை வெச்சுப் பாருங்க. கேக்குக்கு எது பொருந்தும்னு சொல்லுங்க. நானும் கூட உக்காந்து பார்க்கறேன்" என்றார்.

பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல், லெபனான், ஜார்ஜியா. முறைப்படி அனுமதி வாங்கி, வைக்கோல் சுற்றிய மரப்பெட்டியில் வந்து இறங்கின. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு புட்டிதான். திறக்க வேண்டிய நாளுக்கு முந்தைய சாயங்காலம் பெட்டியை ஸ்டோரில் வைத்துவிட்டு நான் ரயிலேறிப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் நான் உள்ளே நுழைந்ததும் எங்கள் ஸ்டோர்கீப்பர் கோதண்டம் முகமெல்லாம் பல்லாக எதிரே வந்தார். அயனம்பாக்கத்துக்காரர். பொறுப்பானவர். பொறுப்பு கொஞ்சம் கூடுதலாகவே உள்ளவர்.

"மேடம், நல்ல வேளை நான் பாத்தேன். ஸ்டோர்ல இன்னா அனலு தெரியுமா? பாட்டில தொட்டா சுடுது. வெடிச்சிகிடிச்சிடப் போவுதுன்னு பாளமா ஐஸு வாங்கியாந்து டிரம்முல போட்டு உள்ள எறக்கிட்டேன். இப்ப வந்து பாருங்க, ஜில்லுனு கீது."

டிரம்முக்குள் எட்டிப் பார்த்தேன். ஐஸ் உருகிய தண்ணீரில் ஆறு புட்டிகளும் பிறந்த மேனியாகக் கிடந்தன. தண்ணீருக்கு மேலே ஆறு லேபிள்கள் தாமரை இலை போல மிதந்துகொண்டிருந்தன.

கோதண்டமும் எட்டிப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த பற்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின.

"அய்யய்யோ. கோந்து சரியில்ல மேடம்" என்றார்.

லேபிள்களைப் பூப்போல எடுத்து, ஆய்வறையில் கயிறு கட்டி, துணி கிளிப்பில் மாட்டித் தொங்கவிட்டோம். புட்டிகளின் வடிவத்தை வைத்து எதையாவது கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தேன். நான்கு புட்டிகள் ஒரே வடிவம். மீதி இரண்டும் தமக்குள் ஒரே வடிவம். எங்களில் யாரும் அதற்கு முன் இந்த ஒயின்களில் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. ராமநாதன் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வருவதாக இருந்தார்.

முதலில் புட்டிகளுக்கு ஒன்றிலிருந்து ஆறு வரை எண் ஒட்டினேன். பதற்றமான நேரத்தில் முதல் வேலையாக, இருக்கும் குழப்பம் மேலும் கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

அடுத்து, கார்க் மூடியைத் திருகி இழுக்கும் கருவி எங்களிடம் இல்லை. பக்கத்து ஷெட்டில் ஸ்பிரிங் செய்யும் பட்டறை. கோதண்டம் ஓடிப்போய் அங்கே ஒரு ஸ்பிரிங்கை இழுத்து நீட்டி, முனையைக் கூராக்கி, தலையில் ஒரு கம்பியைக் குறுக்கே வெல்டிங் வைத்து வாங்கி வந்தார். லாரி கதவைத் திறக்கிற கனத்தில் இருந்தது அது. அதை வைத்து ஆறு கார்க்குகளையும் பிடுங்கினார். பாதி முழுசாக வந்தன, பாதி பொடியாக வந்தன. பொடி உள்ளே விழுந்ததைத் துணியில் வடிகட்டினோம்.

குழுவில் என்னோடு இரண்டு பேர். ஸ்டெல்லா பட்டாபிராமிலிருந்து வருவாள். எதைப் பார்த்தாலும் சிரிப்பாள். சேஷாத்ரிக்கு மூக்குதான் எல்லாம். நாக்கில் படாமல் முகர்ந்தே பாதி ரகசியத்தைச் சொல்லிவிடுவார். மது என்பதால் முகர மட்டும் செய்வேன், வாயில் விடமாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தார். சரி என்றிருந்தேன்.

ராமநாதன் புட்டிகளோடு, இப்படிப்பட்ட ஒயின்களில் என்னென்ன வாசனை வரும் என்று அச்சடித்த தாள் ஒன்றையும் வைத்து அனுப்பியிருந்தார். கருந்திராட்சை, தேவதாரு, ஏதோ காட்டுக் காளான், ஏதோ ஐரோப்பியப் பூ. அதைக் கையில் வைத்துக்கொண்டு முதல் புட்டியை நானும் ஸ்டெல்லாவும் ருசித்தோம், சேஷாத்ரி முகர்ந்தார். மூன்று பேரும் தாளைப் பார்த்தோம், ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"தேவதாரு எப்படி மணக்கும் சார்?" என்றாள் ஸ்டெல்லா.

"நான் பார்த்ததே காலண்டர்லதான்" என்றார் சேஷாத்ரி.

தாளை மடித்து மேசை இழுப்பறையில் போட்டேன். "நமக்குத் தெரிஞ்சதைச் சொல்லுவோம். என்ன ஞாபகம் வருதோ அது. வெக்கப்படாம சொல்லுங்க" என்றேன்.

அதன் பிறகு அந்த அறையில் நடந்ததைச் சுவைக்குழுவின் வேலை என்று யாரும் நம்பமாட்டார்கள். முதலாவது, நாவற்பழம். அதுவும் உப்புப் போட்டுக் குலுக்கி, தின்ற பிறகு நாக்கு தடித்துப் போகுமே, அந்த நாவற்பழம். இரண்டாவதை முகர்ந்துவிட்டு சேஷாத்ரி கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ரோஜா இருக்கிறது, ஆனால் ரோஜா மட்டும் இல்லை, இன்னொன்று என்ன என்று தெரியவில்லை என்றார். நானும் ரோஜா என்றேன். ஸ்டெல்லாவும் ரோஜா என்றாள். அந்த இன்னொன்று யாருக்கும் பிடிபடவில்லை. வாசலில் நின்றிருந்த கோதண்டத்திடம் கிளாசை நீட்டினேன்.

அவர் இரண்டு தடவை இழுத்து முகர்ந்தார். "சொன்னா திட்டுவீங்க."

"சொல்லுங்க."

"சாவு போன ரோடு மேடம். புச்சா தார் ஊத்துன ரோடு. மேல ரோசாப்பூவா எறைச்சிகினு போயிருப்பானுங்களே, அது."

ஸ்டெல்லா வாயிலிருந்ததைத் துப்ப மறந்து விழுங்கிவிட்டாள். அது புரையேறி, மூக்கில் வந்து, அவள் சிரித்த சிரிப்பில் மேசையே ஆடியது. நான் மறுபடி முகர்ந்தேன். தார். ரோஜா. அதேதான். இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது.

மூன்றாவது, பேரீச்சையும் கிராம்பும் போட்டுக் கிண்டிய லேகியம். நான்காவதில் மாதுளம்பழம். கொஞ்சம் புகை. அதற்கு அடியில் புதுப் பானையில் ஊற்றிவைத்த தண்ணீரின் வாசனை. அதை ருசித்தபோது மட்டும் ஸ்டெல்லா சிரிக்கவில்லை. "இன்னொரு வாய் கிடைக்குமா மேடம்?" என்றாள். ஐந்தாவது கொப்பரை காயப்போட்ட சாக்கு. ஆறாவது, ஐயோ பாவம், புளித்துக் காடியாகிவிட்டிருந்தது.

"வெங்காயத்துல ஊத்திச் சாப்பிடலாம்" என்றாள் ஸ்டெல்லா.

ருசிகள் கிடைத்துவிட்டன. பெயர்கள்? எந்தப் பெயர் எந்தப் புட்டிக்கு என்று மூன்று பேரும் தனித்தனியாக ஊகித்தோம். மூன்று பேருக்கும் மூன்று விதமாக வந்தது. கோதண்டத்தையும் கேட்டோம். "தோளு அகலமா கீறதெல்லாம் இத்தாலிக்காரனா இருக்கும்" என்று நான்கு புட்டிகளை இத்தாலிக்கே கொடுத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து எங்கள் முதலாளி உள்ளே வந்தார். நல்ல மனிதர். தொழிலாளர்களின் பிள்ளைகள் பெயர்கூட அவருக்குத் தெரியும். கயிற்றில் தொங்கிய லேபிள்களையும் மொட்டைப் புட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். பிறகு சட்டென்று எழுந்து கோந்து டப்பாவை எடுத்துவந்தார்.

"ஒட்டுங்க" என்றார்.

"எதை எதுல சார்?"

"எதை வேணா எதுலயாவது. ஆறு பேரு, ஆறு பாட்டிலு. யாருக்குத் தெரியப் போவுது? இந்த ஆர்டர் போச்சுன்னா அடுத்த மாசம் இன்னொரு ஷிப்டையும் நிறுத்தணும். வசந்தாம்மா, புரிஞ்சுக்கோங்க."

எனக்குப் புரிந்தது. நிற்கப்போகும் ஷிப்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்கும் தெரியும். அதில் கோதண்டத்தின் தங்கையும் ஒருத்தி. கோதண்டம் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றிருந்தார். லேபிள்கள் உலர்ந்துவிட்டன. கோந்து கையிலேயே இருந்தது. ஒட்டுவது ஒன்றும் பெரிய வேலையே இல்லை.

இந்த இடத்தில் நான் ஏதோ நேர்மையின் உருவமாக நிமிர்ந்து நின்றேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குத் தோன்றியது ஒரே ஒரு தொழில் கேள்விதான்.

"சார், இன்னிக்கு ஒட்டிடலாம். அவர் பிரான்ஸ் வேணும்னு சொல்றாருன்னு வைங்க. நான் எதைப் பார்த்து எசென்ஸ் செய்வேன்? கொப்பரைச் சாக்குக்கு பிரான்ஸ்னு பேர் வெச்சு அனுப்புவேன். நாளைக்கு அவர் எங்கயாவது நெஜமான பிரான்ஸைக் குடிச்சுப் பார்த்தா?"

முதலாளி கோந்து டப்பாவை மூடவில்லை. வெளியே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

ராமநாதன் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். கெட்ட செய்தியை உபசாரம் முடிந்த பிறகு சொல்லலாம் என்று மட்டும் ஒருபோதும் நினைக்காதீர்கள். காபி கொடுத்துவிட்டுச் சொன்னால், அந்தக் காபியையும் சேர்த்துச் சந்தேகிப்பார்கள்.

அவர் கயிற்றருகே போனார். ஒவ்வொரு லேபிளையும் விரலால் தொட்டுப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால்கூட எங்களுக்குத் தேவலாம் போலிருந்தது.

"கார்க் இருக்கா?" என்றார் திடீரென்று. "கார்க்லயும் பேர் அச்சடிச்சிருப்பாங்க."

எங்களுக்கு உயிர் வந்தது. கோதண்டம் பாய்ந்துபோய் இரண்டு கையிலும் அள்ளி வந்தார். ஆமாம், எழுத்துகள் இருந்தன. பொடியாகாத கார்க்குகளில் தெளிவாகவே இருந்தன. ராமநாதன் ஒன்றை எடுத்துப் படித்து, "இது லெபனான். இது எந்த பாட்டில்லேர்ந்து வந்துச்சு?" என்றார்.

கோதண்டம் என்னைப் பார்த்தார். நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். ஸ்டெல்லா உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். பிடுங்கிய கார்க்குகளை எல்லாம் ஒரே கிண்ணத்தில் போட்டிருந்தோம்.

இப்போது எங்களிடம் தனியாக ஆறு லேபிள்கள், தனியாக ஒரு கிண்ணம் கார்க்குகள், தனியாக ஆறு புட்டிகள்.

ராமநாதன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் கப்பல்ல சமையல்காரனா இருந்தவன்மா" என்றார். "ஒவ்வொரு துறைமுகத்துலயும் இறங்கி, விசாரிச்சு, அந்த ஊர்லயே அபூர்வமான பாட்டில் ஒண்ணு வாங்குவேன். கல்யாணத்தப்ப திறக்கலாம்னு வெச்சேன். மனசு வரல. பையன் பொறந்தான், வரல. கேக் கடை திறந்தேன், அன்னிக்கும் வரல. இதைவிடப் பெரிய நாள் ஒண்ணு வரும்னு தோணிக்கிட்டே இருந்துச்சு."

"அப்போ இதோட ருசி..." என்று இழுத்தேன்.

"எனக்கும் தெரியாது" என்றார். "ஒண்ணுகூடக் குடிச்சதில்ல."

முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒட்டியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது என்றது அது. உண்மைதான். யாருக்கும் தெரிந்திருக்காது. அந்தப் பார்வையை அப்படியே விட்டுவிட்டு முதல் கிளாசை ஊற்றினேன்.

"சார், பேர் எங்ககிட்ட இல்ல. ருசி இருக்கு. இது நாவற்பழம்."

அவர் ஒரு வாய் குடித்தார். துப்பவில்லை. துப்புவதற்கு வைத்திருந்த டப்பாவை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்கள் விரிந்தன. "உப்பு போட்டதா?" என்றார்.

"உப்பு போட்டுக் குலுக்கினது" என்றார் சேஷாத்ரி, மிகுந்த மரியாதையோடு.

இரண்டாவதற்குக் கோதண்டத்தை முன்னால் தள்ளினோம். அவர் தலையைச் சொறிந்து, "சாவு போன ரோடு சார்" என்றார். ராமநாதன் முகர்ந்தார். ருசித்தார். நாற்காலியில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து முடித்து இன்னொரு வாய் குடித்து மறுபடி சிரித்தார். "அடப்பாவி, அதேதான்யா! தாரும் ரோஜாவும்! இன்னொரு தடவை சொல்லு!" கோதண்டம் இன்னொரு தடவை சொன்னார். இந்த முறை தைரியமாக, பறை அடிக்கிற கையசைவோடு சொன்னார். முதலாளியும் சிரித்துவிட்டார். அவர் கையிலிருந்த கோந்து அவருடைய சட்டையிலேயே கொட்டிக்கொண்டது. அதற்கும் சிரித்தோம்.

மூன்றாவதற்கு ராமநாதன் எழுந்து நின்று லேகியம் விற்பவர் மாதிரி குரல் கொடுத்தார். ஐந்தாவதற்கு, கயிற்றில் கிடந்த லேபிள்களைக் காட்டி, "இதுல எவன்டா கொப்பரை வியாபாரி?" என்று அதட்டினார். பக்கத்துப் பட்டறையிலிருந்து ஆட்கள் சன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். ஆறாவதை ருசித்தபோது மட்டும் அவர் சிரிப்பு கொஞ்சம் நின்றது. கிளாசைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இது எந்தப் பெரிய நாளுக்குக் காத்துக்கிட்டு இருந்துச்சோ, பாவம்" என்றார். பிறகு அவரே, "வெங்காயம் இருக்கா?" என்று கேட்டார். ஸ்டெல்லா மறுபடியும் புரையேறி வெளியே ஓடினாள்.

நான் வேண்டுமென்றே நான்காவதைக் கடைசிக்கு வைத்திருந்தேன். மாதுளை, புகை, புதுப் பானை. இந்த முறை வார்த்தை எதையும் சொல்லாமல் கொடுத்தேன். அவர் குடித்தார். இன்னொரு வாய். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இதும்மா" என்றார். "கேக்குல இது வரணும்."

"எங்களுக்கும் இதுதான் சார்" என்றேன்.

மீதமிருந்ததைப் பார்த்துப் பார்த்து நான் எசென்ஸ் செய்தேன். பல தடவை தோற்றேன். புகை வந்தால் மாதுளை போய்விடும், மாதுளை வந்தால் பானை போய்விடும். கடைசியில் மூன்றும் ஒன்றாக வந்தன. கேக் கப்பலேறியது. நின்ற ஷிப்டு திரும்ப ஓடியது. அந்த எசென்ஸுக்கு எங்கள் கம்பெனியில் கடைசிவரை நாலாம் நம்பர் என்றுதான் பெயர். அந்தப் பகலில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். தெரிந்ததை உங்கள் வாய்க்கு வருகிற வார்த்தையில் சொல்லுங்கள். அந்த வார்த்தை சாவு ஊர்வலமாக இருந்தாலும் பரவாயில்லை.

அன்று சாயங்காலம் நடந்த ஒன்று பாக்கி இருக்கிறது. ராமநாதனைக் காரில் ஏற்றக் கூடவே நடந்தோம். லேசாகத் தள்ளாடினார். கோதண்டத்தின் தோளில் கை போட்டிருந்தார். உலர்ந்த லேபிள்களை எடுத்துக்கொள்ளச் சொன்னதற்கு, கோதண்டத்தின் சட்டைப் பையிலேயே அவற்றைச் செருகிவிட்டார். எங்கள் முதலாளிக்கு மட்டும் இன்னும் மனம் ஆறவில்லை. கார் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"சார், நீங்க கவலையே படாதீங்க. டவுன்ல பெரிய ஹோட்டல்ல ஒயின் தெரிஞ்ச ஒருத்தர் இருக்காராம். அந்த நாலாவதுல ஒரு கிளாஸ் எடுத்துட்டுப் போய்க் காட்டினா, எந்த நாடு, என்ன பேர்னு நாளைக்கே சொல்லிடுவாரு."

ராமநாதன் அவசரமாகக் காரிலிருந்து பாதி இறங்கி, முதலாளியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம்யா, தயவுசெஞ்சு கேட்டுடாதீங்க. பேர் தெரிஞ்சா இன்னொண்ணு வாங்கிப் பூட்டி வெச்சுடுவேன்."